நான்தான் என்றவர்கள்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா, அண்ணே, அத்தை, மாமா, ஏ புள்ள, இந்தா, உன்னத்தான். இவ்வளவுதான் எங்கள் அகராதி. அப்பா உயிரோடு இருந்தவரை அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு முறை இருமுவார், அம்மா வந்துவிடுவார். அதனால் இதை எழுதும்போதும் யாருக்கும் பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

மலேசியாவில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி எங்களுடையது. அப்பா போன பிறகு, எண்பதுகளின் கடைசியில், என் சம்பளத்தில் தொலைபேசி வைத்தோம். பால் நிறத்தில் இருக்கும். அம்மா அதற்கு ஒரு பின்னல் துணி போட்டு மூடி, சாமி படத்துக்குக் கீழே முக்காலியில் வைத்திருந்தார். மணி அடித்து எடுத்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் சொல்வது ஒன்றுதான்: "நான்தான்." அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். நாமும் யார் என்று கேட்கக் கூடாது. குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் இருமலையோ, பின்னால் அழுகிற குழந்தையையோ பிடித்துக்கொண்டு எப்படியாவது ஒப்பேற்ற வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள் ஈப்போ அத்தை கூப்பிட்டார். "நான்தான்" என்றார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அவசரத்தில் "யாருங்க?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். "யாருங்களா?" என்று ஒரே ஒரு முறை திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். அதன்பிறகு ஆறு மாதம் அவர் எங்கள் வீட்டுத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் அம்மாவைப் பார்த்து, "ஒம்மகளுக்கு என் குரல் தெரியலையாம்லா. ஆபீஸ்ல வேலை பாக்குறால்ல, பெரிய ஆளு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கினார். அன்றிலிருந்து நான் யாரையும் யார் என்று கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், யார் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆப்பரேட்டர். காலையில் தொழிற்சாலை பஸ் பாலத்தைத் தாண்டும்போதே தொண்டையைச் செருமிக்கொள்வேன். எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே கேள்வி: யார் பேசுவது, எங்கிருந்து, என்ன விஷயமாக. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீன அக்கா கறாரானவர். "கூப்பிடுறவனுக்குத் தெரியாதது எதையும் நீயா சொல்லாதே" என்பார். மேனேஜர் இருக்கிறாரா என்று கேட்டால், இருக்கிறார் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே, முதலில் யார் என்று கேள். கேள்வி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பதிலை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடாதே. இதையெல்லாம் நான் அச்சுப் பிசகாமல் செய்தேன். ஒரு விற்பனைக்காரனும் என்னைத் தாண்டி மேனேஜர் மேசைக்குப் போனது கிடையாது.

அதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழில் எனக்கு அந்த வாய் வராது.

இனி அண்ணன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். அண்ணே என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் வா, போதான். சாப்பாட்டுப் பிரியன். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் அவனிடமிருந்து வருகிற பதில் "என்ன இருக்கு?" என்பதுதான். வெளியே இரண்டு தட்டு மீ கோரெங் தின்றுவிட்டு வந்திருந்தாலும் அதே பதில்தான். அம்மா திட்டிக்கொண்டே தட்டு வைப்பார்.

அவன் வேலை செய்த இடத்தில் ஒரு பெண்ணை விரும்பினான். வேறு சாதி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் ஒரு நாள் அம்மா, "எனக்கு ஒரே புள்ளதான். அது பொம்பளப்புள்ள. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் துணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். அவனும் அந்தப் பெண்ணும் ஜொகூர் பாருவில் இருப்பதாகவும், அவன் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருவதாகவும் யார் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டோம். அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடம். அம்மா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் தொலைபேசி அடித்தால் என்ன வேலையாக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். பிறகு, யாரோ எவரோ என்று தெரிந்ததும் உள்ளே போய்விடுவார். அந்தப் போக்கைப் பார்க்க எனக்கு ஆத்திரமாகவும் இருக்கும், அழுகையாகவும் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை பகல். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

"ஹலோ."

"நான்தான்."

ஆண் குரல். கொஞ்சம் கரகரப்பு. எனக்குப் பிடிபடவில்லை.

"என்ன, குரல் தெரியலையா?" என்றது அந்தக் குரல், வருத்தத்தோடு.

ஈப்போ அத்தை கண்முன்னால் வந்தார். மனசு தறிகெட்டு ஓடியது. மாமா மகனா, சிம்பாங் அம்பாட் சித்தப்பாவா என்று ஓடி ஓடி, கடைசியில் எங்கே போக ஆசைப்பட்டதோ அங்கே போய் நின்றது.

"அண்ணனா?"

"பரவால்லியே, கண்டுபிடிச்சிட்டியே" என்றான்.

அடுத்து நான் பேசியதை இன்றைக்கும் வரி வரியாகச் சொல்வேன். பின்னால் எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

"எங்கேருந்து பேசுறே? ஜொகூர்லேருந்தா?"

"ஆமா, ஜொகூர்தான்."

"இன்னும் சிங்கப்பூருக்குத்தான் போய் வர்றியா?"

"ஆமாலா. அங்கதான் இப்ப பிரச்சினை."

"அண்ணி நல்லா இருக்கா? கல்யாணம் பண்ணிட்டீங்களா, இல்ல இன்னும் இல்லியா?"

"இன்னும் இல்ல. எப்படி அம்மா இல்லாம?"

எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்தேன். ஊர், வேலை, அந்தப் பெண், கல்யாணத்தில் இருந்த சிக்கல், ஒன்றையும் அவனாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஒரு விற்பனைக்காரனுக்கு மேனேஜர் இருக்கிறாரா என்று சொல்லாதவள், முகம் தெரியாத ஒருவனுக்கு என் அண்ணனைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுத்தேன். அவன் அவற்றை அப்படியே சேர்த்து எனக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்திவிட்டான்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு கையை நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தார்.

"சாப்பிட்டியாப்பா?" என்றார்.

"சாப்பிட்டேம்மா" என்று அந்தப் பக்கத்தில் சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா ரிசீவரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அழுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிரச்சினை இதுதான். சிங்கப்பூரில் வேலை பெர்மிட் முடிந்துவிட்டதாம். முதலாளி மாட்டிவிடுவேன் என்று மிரட்டுகிறானாம். அவன் வாயை அடைக்க ஏதாவது வேண்டுமாம். கூட வேலை செய்கிற ஒருவர் சொந்த வேலையாகப் பினாங்குக்கு வந்திருக்கிறார். நாளைக்கு மூன்று மணிக்கு நம் பிளாட்டுக்குக் கீழே கோப்பிக் கடைக்கு வருவார். (எங்கள் முகவரி தொலைபேசிப் புத்தகத்திலேயே இருந்தது என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது.) வீட்டில் உள்ள நகை எதையாவது கொடுத்து அனுப்பினால் போதும், மூன்றே மாதத்தில் மீட்டுத் தந்துவிடுவான். யாரிடமும் சொல்ல வேண்டாம், வெட்கக்கேடு. இந்தக் கடைசி வரிதான் என்னை முழுதாக நம்ப வைத்தது. எங்கள் ஆட்களுக்கு எந்தக் கஷ்டத்தையும்விட அதை வெளியே சொல்வதுதான் பெரிய கஷ்டம்.

அன்று சாயங்காலம் அம்மா அலமாரியைத் திறந்தார். கழுத்தில் போட்டிருந்த சங்கிலியைக் கழற்றித் துணியில் முடிந்தார். பிறகு அடித்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதில் இருந்தவை எனக்குத் தெரியும். இரண்டு வளையல்கள். அப்பாவின் அம்மா என் அம்மாவுக்குப் போட்டவை. வரப்போகிற மருமகளுக்கு என்று அம்மா ஒதுக்கி வைத்தவை. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. மாமியார் கையிலிருந்து அந்த வளையல் போனால், நீ இந்த வீட்டுப் பெண் என்று அர்த்தம். வேறு பேச்சு தேவையில்லை.

"அவன் இதக் கேக்கலியேம்மா" என்றேன்.

"அவன் எப்படிக் கேப்பான்?" என்றார் அம்மா. "அந்தப் புள்ளைக்குக் குடுக்கச் சொல்லு."

இரண்டு வருடச் சண்டை அந்த டப்பா மூடியோடு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா நெத்திலி சம்பல் கிண்டி, காலியான பால்மாவு டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்.

மூன்று மணிக்குக் கோப்பிக் கடைக்கு வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நெற்றியில் விபூதி. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். நாங்கள் வாங்கிக் கொடுத்த, பால் சேர்க்காத கோப்பி ஓவை ஆற அமரக் குடித்தார். "ஒங்க மகன் தங்கமான ஆளும்மா" என்றார். அம்மா துணி முடிச்சைக் கொடுத்துவிட்டு, டப்பாவைத் தனியாகக் கொடுத்தார். "இது அந்தப் புள்ளைக்கு. நான் குடுத்தேன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். அந்த ஆள் ஒரு விநாடி டப்பாவைப் பார்த்தார். அவர் எதிர்பாராதது அது. சிரிக்கக்கூடச் செய்யாமல் வாங்கிக்கொண்டார். சம்பல் டின்னையும் விடவில்லை. அதையும் தின்றிருப்பான் பாவி.

திங்கட்கிழமை போன் செய்வதாகச் சொன்ன அண்ணன் செய்யவில்லை. அடுத்த திங்களும் இல்லை. மூன்றாவது வாரம் தொழிற்சாலை கேன்டீனில் ஸ்டோரில் வேலை செய்யும் ஓர் அக்கா, தன் மாமிக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியின் தம்பி மகன் போன் செய்தானாம். நான்தான் என்றானாம். பெர்மிட் பிரச்சினையாம். வெள்ளைச் சட்டை போட்ட ஆள் வந்தாராம். நிஜமான தம்பி மகனோ கெடாவில் கோழிப் பண்ணையில் நிம்மதியாக இருக்கிறானாம். என் தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது. நான் எழுந்து போய் சுவிட்ச்போர்டில் உட்கார்ந்து, ஐந்து மணிவரை யார் பேசுவது, யார் பேசுவது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் எழுதிய மலாய்க்கார இளைஞர் பொறுமையானவர்தான். போனில் பேசியவன் என்ன பெயர் சொன்னான் என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை என்றேன். பெயர் சொல்லாமல் எப்படி அண்ணன் என்று தெரிந்தது என்றார். நான்தான் சொன்னேன் என்றேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பின் மேசையில் உட்கார்ந்திருந்த தமிழ் சார்ஜன்ட், "எழுதுப்பா, எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று மலாயில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஒனக்கென்ன தெரியும்? அவனுக்கு என்னா கஷ்டமோ. வளையல் போய்ச் சேந்திருக்கும்" என்றார். நான் கத்தினேன். ரிப்போர்ட் தாளை நீட்டிப் படிச்சுப் பாருங்க என்றேன். அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது என்பது அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவில்லை. அவர் தாளை வாங்கி மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, காய் நறுக்கப் போய்விட்டார்.

ஏமாந்தவர்களுக்கு ஒரு வெறி வரும். எனக்கு வந்தது. ஒரு வெள்ளை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டினேன்: "முதலில் பெயர் கேள். எங்கிருந்து என்று கேள். நீயாக எதையும் சொல்லாதே. நிச்சயமாகத் தெரியாவிட்டால் வைத்துவிடு." சாமி படத்துக்குக் கீழே அது ஒரு மந்திரம் மாதிரி தொங்கியது. அன்றிலிருந்து என்னிடம் நான்தான் என்று சொன்னவர்களில் ஒருவரும் தப்பவில்லை. சிம்பாங் அம்பாட் சித்தப்பாவிடம் முழுப் பெயர் கேட்டேன். ஈப்போ அத்தையிடம் அடையாள அட்டையில் இருக்கும் ஐசி நம்பர் கேட்டேன். "ஐசியா? இமிகிரேஷனா இது?" என்று அவர் வைத்தவர்தான், பிறகு ஒரு வருடம் பேசவில்லை. எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. நல்லதுக்குக் கேட்கிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வீட்டில் மணி அடிப்பது குறைந்துபோனது. அடித்தால் அம்மா வந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். மணி அடித்தது. எடுத்தேன். பின்னால் ஒரே வாகன இரைச்சல். பொதுத் தொலைபேசியில் காசு விழும் சத்தம்.

"ஹலோ."

"நான்தான்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அதே திருடன், ஒருமுறை பால் கறந்த வீடு என்று மறுபடியும் வந்திருக்கிறான். அப்படித்தான் தோன்றியது.

"நான்தான்னா யாருங்க? பேரு இல்லியா ஒங்களுக்கு?"

பதில் இல்லை.

"முழுப் பேரச் சொல்லுங்க. ஐசி நம்பர் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு காசு விழுந்தது.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? மொதல்ல குடுத்தது பத்தலியா? எங்கம்மாகிட்ட புடுங்க இன்னும் என்ன இருக்கு? இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணுனே, போலீஸ்தான்."

இன்னும் கொஞ்ச நேரம் அந்த இரைச்சல் கேட்டது. பிறகு அந்தப் பக்கத்தில் மெதுவாக வைத்தார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. கோப்பி கலக்கி உட்கார்ந்து குடித்தேன். பாதிக் கோப்பியில்தான் அந்த நினைப்பு வந்தது. திருடனுக்கு வாய் அடைக்காது. முதல் தடவை வந்தவனுக்கு நான் என்ன கேட்டாலும் பதில் இருந்தது; தேன் மாதிரி பேசினான். இவன் பேசவே இல்லை. ஏமாற்ற வந்தவன் எதற்குக் காசைப் போட்டுக்கொண்டு திட்டு வாங்கியபடி நிற்க வேண்டும்? கோப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்தேன். மறுபடியும் அடி, ஒரு தடவை அடி என்று வேண்டிக்கொண்டேன். அம்மா பாசார் கூடையோடு வந்து, "யாராச்சும் போன் பண்ணாங்களா?" என்று கேட்டார். எப்போது வெளியே போய் வந்தாலும் கேட்கிற கேள்விதான்.

"ராங் நம்பர்" என்றேன்.

அதன்பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நான் சரியாக இருந்ததில்லை. அது அண்ணன்தான் என்று ஒரு நாள் தோன்றும். இல்லவே இல்லை, அதே களவாணிதான் என்று மறுநாள் தோன்றும். அட்டையைக் கிழித்துப் போடக் கை போகும். கிழித்தால் அம்மா காரணம் கேட்பார். விட்டுவிட்டேன். மஞ்சள் பூத்துப்போய் அது அங்கேயே தொங்கியது. நான் மட்டும் அதைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலை சுவிட்ச்போர்டில் ஒரு வெளி அழைப்பு. கம்பெனி பெயரைச் சொல்லி, வழக்கம்போல ஆங்கிலத்தில், யார் பேசுவது என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஓர் ஆண் குரல் தன் முழுப் பெயரைச் சொன்னது. அப்பா பெயரைச் சொன்னது. பிறந்த இடம், பினாங்கு என்றது. பிறகு ஐசி நம்பரை ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் சொல்வதுபோல் சொல்லி முடித்தது.

"இப்ப பேசலாமா?" என்றான் அண்ணன்.

என் முன்னால் மூன்று விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. எதையும் எடுக்கவில்லை. அழுதுகொண்டே, "ஏன் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல?" என்றேன்.

"எங்கே பேச விட்டே?" என்றான். "தங்கச்சியே பேரு கேக்குறாளேன்னு நின்னுட்டேன். அம்மா சொல்லிக் குடுத்துதான் நீ பேசுறேன்னு நெனச்சேன். எனக்கு ஒரே புள்ளதான்னு சொன்னவங்க இல்லியா." பிறகு, "அந்த வாரம்தான் கல்யாணம் ரெஜிஸ்டர் பண்ணுனோம். அம்மாவ வரச் சொல்லலாம்னு கூப்புட்டேன். ஆபீஸ்லன்னா நீ யாரையும் திட்ட முடியாதுலா, அதான் இப்ப இங்க" என்றான்.

அவனுக்குக் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. பெண். அம்மாவிடம் காட்ட வேண்டும் என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் ஃபெரித் துறையில் அவர்களுக்காகக் காத்திருந்தேன். மெலிந்திருந்தான். அண்ணி குழந்தையை மார்போடு அணைத்தபடி என்னைப் பார்த்துத் தயங்கிச் சிரித்தாள். ஃபெரியில் கடலைப் பார்த்து நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்: பெர்மிட் கதை, சங்கிலி, வெள்ளைச் சட்டை, சம்பல், வளையல். வளையல் என்றதும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அம்மாவா குடுத்துச்சு? கேக்காமலா?" என்று இரண்டு முறை கேட்டான். அண்ணி தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். "வளையல் வந்து சேந்துச்சுன்னுதான் அம்மா இன்னும் நெனச்சிட்டு இருக்காங்க" என்றேன்.

அம்மா கதவைத் திறந்தார். ஏறக்குறைய நான்கு வருடத்துக்குப் பிறகு மகனைப் பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை, "சாப்பிட்டியா?"

"என்ன இருக்கு?" என்றான் அண்ணன்.

அம்மா அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் அண்ணன் அந்த அட்டையை முழுதாகப் படித்தான். பிறகு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா அண்ணியைப் பார்த்து, "வளையல் அளவு சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அண்ணி விழித்தாள். அண்ணன் முந்திக்கொண்டு, "சரியா இருந்துச்சும்மா. பத்தரமா எடுத்து வச்சிருக்கா" என்றான்.

"ம்" என்றார் அம்மா.

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்தார். குழாய்ச் சத்தத்தில் வெளியே கேட்காதபடி தணிந்த குரலில் பேசினார்.

"அவனுக்குப் பொய் சொல்லத் தெரியலலா. மொகத்தப் பாத்தியா?"

நான் கோப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அன்னிக்குப் போன்ல பேசுனவன் இவன் இல்ல. எனக்கு அப்பவே சந்தேகந்தான். சாப்பிட்டியான்னு கேக்குறேன், சாப்பிட்டேம்மாங்கிறான். இவன் என்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கான்?"

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?" என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சந்தேகம்னு வையி. இல்லன்னு போன வச்சிட்டு, அது நெசமா அவனா இருந்திருந்தா? ஒரு வாட்டி வாயால தொரத்திட்டேன். ரெண்டாவது வாட்டியும் தொரத்துனவளா ஆயிருப்பேன்ல." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "நக போனாப் போவுது."

அம்மாவுக்குத் தெரியாமல் அந்த இரண்டாவது வாட்டியைச் செய்து முடித்தவள் நான். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது; வெளியே வரவில்லை.

அம்மா கூடத்துக்குப் போனார். அண்ணன் குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். அம்மா அவனுக்கு எதிரே உட்கார்ந்து, வராத கோபத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்டா, இத்தன வருஷத்துல அம்மாவுக்கு ஒரு போன் பண்ணணும்னு தோணல ஒனக்கு? ஒரு வாட்டிகூடவா?"

நான் ஈரக் கையோடு அடுப்படி வாசலில் நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தோணலம்மா" என்றான்.

அம்மா எட்டி அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "கல்லு மனசுடா ஒனக்கு" என்று சொல்லி அழுதார். பொய் சொல்லத் தெரியாதவன் என்று இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனவர், அந்தப் பொய்யை அப்படியே நம்பினார்.